எட்டு மணி நேரத்துக்குள் ஒரு ஊர்

ஓசூரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல் தூரம்தான். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கும் ஊர் இது. சென்னைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். மங்களூர் போக பெங்களூரைத் தாண்டி, சக்லேஷ்பூர் வழியாக மலையிறங்க வேண்டும். கொச்சி இன்னும் தொலைவு. கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகும் சாலையைப் பிடித்தால் புதுச்சேரிதான் இருப்பதிலேயே பக்கம். அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் டைட்டனும் வளர்த்த இந்தத் தொழிற்பகுதியில் விடுமுறை ஷிப்ட் கணக்கில்தான் வரும். வார ஓய்வு, ஒரு பண்டிகை நாள், மேலதிகாரியிடம் கேட்டு வாங்கிய இரண்டு நாள் லீவு எல்லாம் சேர்ந்தால் நான்கு நாள். சென்னையிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பல்களின் பயணத் திட்டமும் பெரும்பாலும் இதே அளவில்தான் தைக்கப்பட்டிருக்கிறது. துணிமணியை ஒருமுறை அறையில் வைத்தால் போதும், ஊர்கள் தாமாக வந்து சேரும் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடற்கரை நகரம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு அந்தச் சீட்டை வாங்குகிறவர் ஏமாந்துபோவார் என்பதே என் கருத்து. கடலுக்காகக் கப்பல் ஏறலாம். ஊருக்காக என்றால் சாலைதான் மேல்.

முதலில் நேரத்தைக் கணக்கிடுவோம். காலை எட்டுக்கு வந்து மாலை நான்குக்குப் புறப்படும் என்று அட்டவணை சொல்வதாக வைத்துக்கொள்வோம். கப்பல் கரையைத் தொட்டதும் யாரும் இறங்கிவிட முடியாது. துறைமுக அதிகாரிகளின் அனுமதி கிடைக்க வேண்டும். பிறகு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஒரே வழியாக இறங்க வேண்டும். திரும்பி வரும்போதும் புறப்படும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி முன்பாகவே உள்ளே இருக்க வேண்டும். துறைமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதி என்பதால் வாசலில் இறங்கி ஆட்டோ பிடிக்கிற வேலையும் நடக்காது. கேட் வரை கொண்டுவிட வண்டி வரும், அதற்கும் காத்திருக்க வேண்டும். இவற்றைக் கழித்தால் எட்டில் ஐந்தரை மணி நேரம் மிஞ்சினால் பெரிது. சென்னையில் இறங்கும் வெளிநாட்டுக் கப்பல் பயணிகளை வழக்கமாக மாமல்லபுரத்துக்கோ காஞ்சிபுரத்துக்கோ பேருந்தில் அழைத்துப் போகிறார்கள். மாமல்லபுரம் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர், காஞ்சிபுரம் அதைவிடத் தூரம். வடசென்னையின் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து போய்வரவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதம் மூன்றும் மீதி நேரத்துக்குள் அடங்க வேண்டும். பல்லவர்கள் தலைமுறைகளாகச் செதுக்கியதை அவசரமாகப் பார்த்துவிட்டு ஓடிவர வேண்டியதுதான்.

நேரம் இப்படிக் குறுகுவது தற்செயலாக நடப்பதில்லை. கப்பலின் வருமானக் கணக்கே அப்படி. மதுக்கூடம், சூதாட்ட அரங்கு, வரியில்லாக் கடைகள் போன்றவை கப்பல் கடலில் ஓடும்போதுதான் நன்றாகச் சம்பாதிக்கும். கரையில் நிற்கும்போது அவற்றில் பல மூடிக் கிடக்கும், துறைமுகக் கட்டணம் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே மாலையானதும் கிளம்பிவிடுவதுதான் கப்பலுக்கு லாபம். நம் கடற்கரையில் ஓடும் கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பலின் கதையே இதற்குச் சாட்சி. 1990-இல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் ராயல் கரீபியன் நிறுவனத்துக்காக பிரான்ஸில் கட்டப்பட்டது அது. அமெரிக்காவின் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்கு மூன்று, நான்கு இரவுகளில் போய்வரவென்றே திட்டமிடப்பட்ட கப்பல். வார இறுதியில் கூட்டத்தை ஏற்றி, கடலில் மகிழ்வித்து, இடையில் ஒரு கரையைக் காட்டித் திருப்பிக் கொண்டுவருவதுதான் அதன் பிறவித் தொழில். அந்தத் தொழில் எங்கே போய் முடியும் என்பதற்குக் கரீபியக் கடலில் உதாரணம் இருக்கிறது. பஹாமாஸின் கோகோகே தீவையும் ஹைத்தியின் லாபடி கடற்கரையையும் ராயல் கரீபியன் நிறுவனம் தன் பயணிகளுக்கென்றே வைத்துக்கொண்டது. அங்கே இறங்கினால் கடலும் மணலும் உண்டு. ஹைத்தி மக்கள் வாழும் ஊர் வேலிக்கு வெளியே இருக்கும்.

நேரத்தின் அளவைவிட அது எந்த நேரம் என்பதுதான் பெரிய குறை என்பேன். வெப்பமண்டலக் கடற்கரை ஊர் எதுவும் பகல் பத்திலிருந்து நான்கு வரை முழுதாக உயிரோடு இருப்பதில்லை. அதன் வாழ்க்கை விடியலிலும் பொழுதுசாய்ந்த பிறகும்தான். சென்னைத் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே காசிமேடு இருக்கிறது. அங்கே மீன் ஏலம் இருட்டோடு தொடங்கிவிடும், கப்பல் பயணி காலை உணவை முடிப்பதற்குள் அந்த ஆரவாரம் ஓய்ந்துவிடும். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் நண்பகலில் நடை சாத்தினால் மாலை நான்குக்குத்தான் திறக்கும். தமிழ்நாட்டின் பெரும்பாலான கோயில்களில் இதுதான் வழக்கம். நடை திறக்கிற நேரமும் கப்பல் சங்கு ஊதுகிற நேரமும் ஒன்றாகவே இருக்கின்றன. மெரினா சுண்டலும் பட்டாணியும் பட்டமுமாக நிரம்புவது ஐந்து மணிக்கு மேல். புதுச்சேரியின் கடற்கரைச் சாலையில் மாலை ஆறு முதல் காலை ஏழரை வரை வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. ஊர் மக்கள் காலாற நடக்கிற அந்த நேரத்துக்குள் கப்பல் தொடுவானத்தைத் தாண்டியிருக்கும்.

பருவமும் இதில் சேர்ந்துகொள்கிறது. மேற்குக் கடற்கரையில் தென்மேற்குப் பருவக்காற்றின்போது கடல் கொந்தளிப்பாக இருக்கும். 2022-இலும் 2023-இலும் சென்னையில் கார்டிலியாவின் பயணங்கள் ஜூன் மாதத்தில் தொடங்கியது இந்தப் பருவத்தோடு ஒத்துப்போகிறது. ஆனால் சோழமண்டலக் கரையில் அப்போது வெயில் கடுமை. மேல்காற்று வலுத்திருக்கும் நாட்களில் கடற்காற்று கரையேற பிற்பகலாகிவிடும். அதுவரை தரை கொதிக்கும். கம்பளி போர்த்திப் பழகிய ஓசூர்க்காரர் அந்த நேரத்தில் மாமல்லபுரத்தின் பாறைகளுக்கு நடுவே நிற்பதை நினைத்தால், பேருந்தின் ஏ.சி.யைத்தான் அவர் அதிகம் ரசித்திருப்பார் என்று சொல்லத் தோன்றுகிறது. அப்படி ஒரு நண்பகலை வைத்து ‘இந்த ஊரில் ஒன்றும் இல்லை’ என்று தீர்ப்பு எழுதினால் அது ஊரின் குற்றமாகாது.

புதுச்சேரியின் கதை இன்னொன்றையும் காட்டுகிறது. 2022 ஜூன் 4 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் சென்னையில் கொடியசைத்து கார்டிலியாவின் கப்பல் பயணத்தைத் தொடங்கிவைத்தார். விசாகப்பட்டினம், புதுச்சேரி வழியாகத் திரும்புவது அறிவிக்கப்பட்ட பாதைகளில் ஒன்று. கப்பலில் சூதாட்டம் நடக்கிறது என்று புதுச்சேரியில் எதிர்ப்பு கிளம்ப, அங்கே பயணிகளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. பயணச்சீட்டில் பெயர் இருந்த ஊரில் கால் வைக்காமலே பயணிகள் திரும்பினார்கள். பிறகு 2025 ஜூலையில் கப்பல் புதுச்சேரிக்கு வந்தபோது அது கடலிலேயே நங்கூரமிட்டு நின்றது, பயணிகள் சிறு படகுகளில் கரைக்கு வந்தார்கள். பெரிய கப்பல் ஒதுங்கும் ஆழம் அங்கே இல்லை. படகில் இறங்கி ஏறும் நேரமும் ஊர் பார்க்கும் நேரத்திலிருந்துதான் கழியும். அலை அதிகமானால் படகே போகாது. அட்டவணையில் இருக்கும் ஊர் உறுதியான ஊர் இல்லை. காற்று, அலை, அரசு அனுமதி என்று எதற்காகவும் அது விடுபட்டுப் போகலாம், விடுபட்டால் முழுப் பணமும் திரும்பும் என்று எண்ணிவிடவும் முடியாது. கிருஷ்ணகிரியில் காலை உணவை முடித்துவிட்டுக் காரில் கிளம்பும் குடும்பம் மதியத்துக்குள் அதே புதுச்சேரியில் இருக்கும். இரண்டு இரவு தங்கினால் இரண்டு மாலைகளும் இரண்டு விடியல்களும் கையில் இருக்கும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, முட்டிவலி உள்ள பெற்றோரை வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் காரில் போவதும், ஊருக்கு ஊர் விடுதி மாற்றுவதும் எளிதா என்பது. எளிதில்லைதான். லிஃப்ட், அறைக்குப் பக்கத்திலேயே சாப்பாடு, மூட்டை கட்டும் வேலை இல்லாதது ஆகியவை முதியவர்களுக்குப் பெரிய வசதி. ஆனால் இது கப்பலை ஒரு விடுதியாகப் பாராட்டும் வாதம், கரையிறங்குவதை நியாயப்படுத்தும் வாதம் இல்லை. அப்பா அம்மாவை வெயிலில் பேருந்தேற்றி இறக்குவதைவிட, கூட்டமெல்லாம் ஊர் பார்க்கப் போன பிறகு காலியான மேல்தளத்தில் உட்காரவைப்பது அவர்களுக்கு நல்லது. விலையுயர்ந்த ஊர்சுற்றல் சீட்டும் மிச்சம்.

இரண்டாவது மறுப்பு, ருசி பார்க்கத்தானே போகிறோம், பிடித்தால் இன்னொரு முறை போய்த் தங்கிக்கொள்ளலாம் என்பது. இது நியாயம்தான், ருசி சரியாக இருந்தால். கொச்சியில் ஓரளவு அப்படி இருக்கிறது. வில்லிங்டன் தீவில் கப்பல் நிற்கும், ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் பக்கம். 1503-இல் எழுந்த புனித பிரான்சிஸ் தேவாலயம், 1568-இல் கட்டிய யூத ஜெபாலயம், சீன வலைகள் எல்லாம் சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அங்கேகூட சனிக்கிழமையில் இறங்கினால் ஜெபாலயம் மூடியிருக்கும். துறைமுகமும் பழைய நகரமும் ஒட்டியிருந்தால் குறுகிய நிறுத்தத்துக்குக் கொஞ்சம் அர்த்தம் உண்டு. சென்னை நிறுத்தத்தில் பேருந்துப் பயணமே பாதியைத் தின்றுவிடுகிறது.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. கப்பல் வந்தால் ஊருக்குப் பணம் வருமே, வேலை வருமே என்கிறார்கள். விசாகப்பட்டினத்தில் கிட்டத்தட்ட 96 கோடி ரூபாயில் சொகுசுக் கப்பல் முனையம் கட்டி 2023 செப்டம்பரில் திறந்ததற்குப் பின்னால் இந்த நம்பிக்கைதான் இருக்கிறது. வழிகாட்டிக்கும் பேருந்து உரிமையாளருக்கும் கைவினைக் கடைக்கும் வருமானம் வரும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் கப்பல் பயணி மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர். ஊரில் அவர் செலவு செய்ய மீதியிருப்பது ஒரு இளநீரும் ஒரு நினைவுப்பொருளும்தான். ஊர்சுற்றல் சீட்டையும் பெரும்பாலும் கப்பலிலேயே வாங்குகிறார்கள், அதற்குக் காரணம் அச்சம். கப்பலின் ஏற்பாட்டில் போன பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாக ஆட்டோ பிடித்துப் போனவர் தாமதமானால் அடுத்த துறைமுகத்துக்கு அவரே வழி தேடிக்கொள்ள வேண்டும். உள்ளூர் ஆட்டோக்காரர் இந்தப் போட்டியில் நுழையவே முடிவதில்லை. காரில் வந்து இரண்டு இரவு தங்குகிறவர் அறைக்கும் இட்லிக்கும் பார்க்கிங்குக்கும் கொடுப்பது அந்த ஊரிலேயே புரளும். பெருங்கூட்டம் சில மணி நேரம் மட்டும் வந்து போவதில் சலித்துப்போன நகரங்களும் உண்டு. 2021 ஆகஸ்ட் முதல் வெனிஸ் நகரின் ஜுதெக்கா கால்வாய்க்குள் பெரிய கப்பல்கள் வரக்கூடாது என்று இத்தாலி தடுத்துவிட்டது. நம் ஊர்கள் அந்த நிலைக்கு இன்னும் வரவில்லை. ஆனாலும் முனையம் கட்டுவதற்கு முன், துறைமுக கேட்டிலிருந்து ஊருக்குள் நடந்துபோக ஒரு நிழலான பாதை இருக்கிறதா என்று பார்ப்பது செலவில்லாத காரியம்.

சாலை போகாத இடம் என்றால் என் வாதம் தளரும். 2023 ஜூன் 5 அன்று மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் சென்னையில் தொடங்கிவைத்த பயணம் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை துறைமுகங்களுக்குப் போனது. காங்கேசன்துறையில் இறங்கினால் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும் கீரிமலை நீரூற்றும் கைக்கெட்டும் தூரம். யாழ்ப்பாண நகரமும் நல்லூரும் இருபது கிலோமீட்டருக்குள். 1981-இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த யாழ்ப்பாண நூலகத்தை ஒரு தமிழர் அரைநாளில் பார்த்தாலும் அது வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அங்கேயும் இப்போது வேறு வழிகள் இருக்கின்றன. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. சில மணி நேரப் பயணம்தான். சென்னையிலிருந்து பலாலிக்கு விமானமும் இருக்கிறது. நல்லூரில் தங்கி மாலைப் பூசை பார்க்க விரும்புகிறவருக்கு இவை போதும்.

ஆகவே ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ நான்கு நாள் லீவைக் கையில் வைத்துக்கொண்டு டிராவல்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர், தனக்கு வேண்டியது எது என்று முதலில் பிரித்துக்கொள்ளட்டும். கடல்தான் வேண்டும், கரையே தெரியாத நீலத்தில் ஒரு சூரிய உதயம் வேண்டும் என்றால், எந்த ஊரிலும் நிற்காமல் ஆழ்கடல் வரை போய்த் திரும்பும் குறுகிய பயணத்தைக் கேட்கலாம். 2022-இல் சென்னையிலிருந்து அப்படி இரண்டு நாள் பயணமும் இருந்தது. ஊர் நிறுத்தம் உள்ள சீட்டைத்தான் வாங்குவது என்று முடிவானால் சில கேள்விகளைக் கேட்டுவிடுவது நல்லது. கப்பல் கரையில் ஒதுங்குமா, படகில் இறக்குவார்களா? கேட்டிலிருந்து ஊர் எத்தனை கிலோமீட்டர்? அன்றைக்கு என்ன கிழமை? எத்தனை மணிக்குக் கிளம்புகிறது? கடைசிக் கேள்விக்கு ‘இரவு பத்து மணி’ என்று பதில் வந்தால், நான் இதுவரை சொன்னதில் பாதியை அவர் தள்ளிவிட்டுச் சீட்டு வாங்கலாம்.