வழித்தடங்கள் – 14: குளச்சலில் இறக்கிவிடப்பட்டவர்

2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய ஒரு வயதான அம்மாவை, நாற்றமடிக்கிறது என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் பேருந்து நிலையத்திலேயே நின்று அழுதபடி நியாயம் கேட்டதைத் தமிழ்நாடே கைபேசியில் பார்த்தது. முதலமைச்சர் கண்டித்தார். ஓட்டுநர், நடத்துநர், நேரக் காப்பாளர் மூவரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள், நாகர்கோவிலில் நரிக்குறவர் குடும்பம் ஒன்று மூட்டை முடிச்சோடு இறக்கிவிடப்பட்ட காட்சியும் வெளிவந்தது.

பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் வந்து அப்போது ஏழு மாதம். இலவசம் சரியா, கஜானா தாங்குமா என்று டீக்கடை முதல் தொலைக்காட்சி வரை வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை. பயணச்சீட்டுக்கான பணத்தை அரசு ஏற்றுக்கொண்டது. ஏறியவரை உட்கார விடுவது மட்டும் நடத்துநரின் மனசைப் பொறுத்ததாகவே இருந்தது.

ஓட்டுநர் இல்லாத டாக்சியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் முன்னால் வருகிறது. காரணம், சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு விசாரணை. வேமோ, குரூஸ் ஆகிய இரு நிறுவனங்களும் அந்த நகரில் இரவும் பகலும் கட்டணம் வாங்கி ஆளில்லா டாக்சி ஓட்டலாமா என்பதை 2023 ஆகஸ்ட் 10 அன்று கலிஃபோர்னியா மாநில ஆணையம் முடிவு செய்ய வேண்டியிருந்தது. பொதுமக்கள் மணிக்கணக்கில் பேசினார்கள். வண்டிகள் தங்களை வழிமறிக்கின்றன என்பது தீயணைப்புத் துறையின் புகார். பிழைப்பு போய்விடும் என்றார்கள் டாக்சி ஓட்டுநர்கள். ஆனால் பார்வையற்றோர் பலர் ஆதரித்தார்கள். வழிகாட்டி நாயோடு நிற்பவரைக் கண்டால் ஏற்றாமல் போய்விடும் ஓட்டுநர்கள் உண்டு. இயந்திரம் அப்படிப் போகாது என்பது அவர்கள் கட்சி. குளச்சலை அறிந்த யாராலும் இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது.

மூன்றுக்கு ஒன்று என்ற வாக்கில் அனுமதி கிடைத்தது. இரண்டு மாதத்துக்குள், வேறொரு கார் மோதித் தூக்கியெறிந்த பெண் குரூஸ் வண்டியின் முன் விழுந்தார். நின்ற வண்டி, ஓரம் கட்டுவதாக நினைத்து மறுபடி நகர்ந்து, அவரை ஏறத்தாழ 20 அடி இழுத்துச் சென்றது. அந்தக் காட்சியை நிறுவனம் முழுதாகக் காட்டவில்லை என்று மாநில மோட்டார் வாகனத் துறை குற்றம்சாட்டி உரிமத்தை நிறுத்தியது. 2024 டிசம்பரில் குரூஸின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் ஆளில்லா டாக்சித் தொழிலையே கைவிட்டது.

ஆளில்லா வண்டி மீன்காரம்மாவை முகம் சுளித்து இறக்கிவிடாது, உண்மைதான். ஆனால் அது வரைபடத்தில் குறித்த எல்லைக்குள் மட்டும் ஓடும் வண்டி. இங்குள்ள மீனவ ஊர்களான குறும்பனையும் இனயமும் அந்த எல்லைக்குள் வருமா என்பதை லாபக் கணக்கு தீர்மானிக்கும். உள்ளே கேமரா இருக்கும்; சருவத்திலிருந்து மீன் தண்ணீர் சொட்டினால் சுத்தம் செய்ததற்கென்று அன்றைய வியாபாரத்தில் பாதியைப் பிடித்துக்கொள்ளலாம். அப்போது யார் முன்னால் போய் நின்று அழுவது?

2017-லும் மறுபடி 2023-லும் மத்திய அமைச்சர் நிதின் கட்காரி, ஓட்டுநர்களின் வேலை பறிபோகும் என்பதால் இந்த வண்டிகளை இந்தியாவுக்குள் விடமாட்டோம் என்றார். அக்கறையுள்ள பேச்சு. என்றாலும் ஓர் அமைச்சரின் வாய்வார்த்தை ஓட்டுநருக்கு எத்தனை நாள் காவல் நிற்கும்?

நம் குமரி மாவட்டத்துக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. 1938 பிப்ரவரி 20 அன்று திருவிதாங்கூர் அரசு தன் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கி, திருவனந்தபுரம் – கன்னியாகுமரி வழித்தடத்தைத் தன் கையில் எடுத்தது. தனியார் வண்டிகளில் இருந்தவர்களுக்கு வேலை போயிற்று. லண்டனிலிருந்து வந்து பொறுப்பேற்ற சால்டர், ஆள் எடுத்தபோது அவர்களுக்கே முன்னுரிமை கொடுத்தார். அதற்கும் முன்னால், 1926-ல், சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கவே இங்கே சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. தெருவில் நடப்பதும் வண்டியில் ஏறுவதும் இந்த மண்ணில் கேட்டு, சண்டை போட்டு வாங்கியவை.

ஆகவே, அப்படியொரு வண்டி வடசேரிக்கு வருவதாக இருந்தால், நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் பகிரங்க விசாரணை நடத்திய பிறகே உரிமம் தர வேண்டும். ஆட்டோ ஓட்டுநரும் மீன் விற்கும் பெண்ணும் அங்கே முதலில் பேச வேண்டும். எந்த ஊரை விட்டார்கள், யாரை ஏற்ற மறுத்தார்கள் என்ற கணக்கை நிறுவனம் மாதாமாதம் வெளியிட வேண்டும். புகாருக்குப் பதில் சொல்ல, இந்த ஊரிலேயே பெயரும் இருக்கையும் உள்ள ஓர் ஆள் இருக்க வேண்டும். வேலை இழக்கும் ஓட்டுநருக்கு என்ன வேலை என்பதை உரிமத்திலேயே எழுத வேண்டும்.

(தொடரும்)