கொல்லைப்புறக் கோழி... குழந்தையா? குழம்பா?

வாரச்சந்தைக்குப் போன இடத்தில், அட்டைப் பெட்டி நிறைய கலர் கலராகக் கோழிக்குஞ்சுகள்! ரோஸ், பச்சை, மஞ்சள்... 'அம்மா, ரெண்டே ரெண்டு!' என்று எங்கள் மகள் அடம்பிடிக்க, வாங்கிக் கொடுத்தோம். பச்சை மூன்றாம் நாளே செத்துவிட்டது. ரோஸ் குஞ்சு பிழைத்துக் கொண்டது. பெயர் ரோஜா. சாயம் போய், வெள்ளை வெளேரென்று வளர்ந்து, அவள் மடியிலேயே உட்காரும். ஒருநாள் விடியற்காலை நாலரை மணிக்கு ரோஜா கூவியபோதுதான் தெரிந்தது... அது சேவல்!

இதில் ஆச்சரியம் இல்லை. முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குச் சேவல் குஞ்சு தேவையில்லை. அப்படிக் கழித்தவற்றைத்தான் பெரும்பாலும் சாயம் பூசி விற்கிறார்கள்.

அக்கம்பக்கத்தில் முணுமுணுப்பு. 'முட்டையும் போடாது, தூங்கவும் விடாது. ஞாயித்துக்கிழமை குழம்பு வெச்சுடலாம்' என்றார் மாமியார். மகள் டியூஷன் போன நேரத்தில் காரியம் முடிந்தது. அவளிடம், 'ரோஜாவை ஊருக்கு அனுப்பிட்டோம்' என்றோம். அவளும் சாப்பிட்டாள். இரண்டு நாள் கழித்து, பின்பக்கம் குப்பையில் வெள்ளை இறகுகளைப் பார்த்துவிட்டாள்.

அழவில்லை. ஆனால், அதற்குப் பிறகு தட்டில் எதை வைத்தாலும் ஒரே கேள்விதான்: 'இது யாரும்மா?'

புறக்கடையில் கோழி வளர்க்க ஆசைப்படும் எல்லா வீட்டுக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வரும். எனவே, குஞ்சு வாங்கும் முன்பே யோசித்துவிடுவது நல்லது.

கணக்கு என்ன சொல்கிறது?

நாட்டுக்கோழி வருஷத்துக்குச் சுமார் 60 முதல் 80 முட்டை இடும். ஐதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய கிராமப்ரியா ரகம் இதைவிட அதிகம் இடும். வனராஜா ரகம் முட்டை, கறி இரண்டுக்கும் ஆகும். முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. வளரும் பிள்ளைகளுக்கு இதைவிட எளிய சத்துணவு ஏது? முட்டையிடச் சேவல் தேவையே இல்லை என்பதையும் தெரிந்து கொள்ளுங்கள். குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும்.

சிக்கல் பிறகுதான். முதல் இரண்டு வருஷம் நன்றாக முட்டையிடும். பிறகு படிப்படியாகக் குறையும். ஆனால், கோழிக்கு ஆயுசோ ஆறு, ஏழு வருஷம்! மீதி வருஷங்களுக்கு அதற்கும் தினம் 100 கிராமுக்கு மேல் தீனி வேண்டும். 'வளர்ப்புப் பிராணி' என்றால் இந்தச் செலவைச் சந்தோஷமாக ஏற்க வேண்டும்.

அடை வைத்தால் இன்னொரு கணக்கு. 21 நாளில் பொரிக்கும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவல்கள்! அத்தனை சேவல்களையும் எந்த வீட்டுக் கொல்லை தாங்கும்? கறிக்கு மனம் ஒப்பாதவர்கள் அடை வைக்காமல் இருப்பதே உத்தமம்.

செல்லமாக வளர்த்தால்...

கொஞ்சலாம். ஆனால், முத்தம் வேண்டாம்! பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் கோழியின் எச்சத்திலும் இறகிலும்கூட சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வாந்தி எல்லாம் வரும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும், வயதானவர்களும், கர்ப்பிணிகளும் கோழியைத் தொடாமல் இருப்பது நல்லது. மற்றவர்கள் தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கோழி சமையலறைக்குள் வரவே கூடாது. கூண்டுத் தூசி இளைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. அவர்களைக் கூட்டிப் பெருக்கச் சொல்லாதீர்கள்.

கறிக்காக வளர்த்தால்...

நம் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. கோழி இறக்கையைத் தொங்கப்போட்டுச் சோர்ந்து நின்றால், 'சாகறதுக்குள்ள அறுத்துடு' என்பார்கள். கூடவே கூடாது! நோய்க்கோழியை அறுக்கும்போதும் இறகு பிடுங்கும்போதும்தான் கிருமி நம்மிடம் தாவ வாய்ப்பு அதிகம். 2006-ல் மகாராஷ்டிராவின் நவாபூரில் பறவைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதன்பின் பல மாநிலங்களில் தலைகாட்டியிருக்கிறது. திடீரென்று கோழிகள் செத்தால் வெறுங்கையால் தொடாமல், கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள்.

மருந்து கொடுத்த கோழியின் முட்டையையும் கறியையும் எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொள்ளுங்கள். பச்சைக் கறியைக் குழாயடியில் அலசினால், தெறிக்கும் தண்ணீரோடு கிருமியும் மேடையெல்லாம் பரவும். ஒரு பாத்திரத்துக்குள் வைத்து அலசிவிட்டு, கை, கத்தி, மேடை மூன்றையும் சோப்பால் கழுவுங்கள். முற்றிய கோழியின் கறி ரப்பர் மாதிரி இருக்கும். குக்கரில் நிதானமாக வேகட்டும். எலும்பை ஒட்டிய சதையும் முழுசாக வெந்திருக்க வேண்டும்.

பிள்ளைகளிடம் பொய் வேண்டாம்

எங்கள் வீட்டில் நடந்த தப்பு, கோழியைச் சமைத்தது அல்ல. பொய் சொன்னதுதான். கிராமத்துப் பிள்ளைகள் கோழியைக் கொஞ்சவும் செய்வார்கள், பண்டிகைக்குச் சாப்பிடவும் செய்வார்கள். எதற்காக வளர்க்கிறோம் என்பது அங்கே முதல் நாளிலிருந்தே தெரியும். மடியில் வைத்துத் தூங்க வைத்த பிள்ளைக்கு, அதையே சொல்லாமல் கொள்ளாமல் பரிமாறினால்? கோழி மீது இருந்த பிரியத்தைவிட, அம்மா மீது இருந்த நம்பிக்கை அல்லவா அடிபடுகிறது! 'எனக்கு வேண்டாம்' என்று பிள்ளை சொன்னால் வற்புறுத்தாதீர்கள். முட்டை, பருப்பு, பால் என்று சத்துக்கு வேறு வழி இருக்கிறது.

நானும் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து அவளே வந்து, 'பெட்டைக்கோழி வாங்கலாமா? ஆனா, முட்டைக்கு மட்டும்' என்றாள். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தோம். இப்போது மூன்று பெட்டைகள். அதில் ஒன்று முட்டையை நிறுத்தி ஆறு மாதமாகிறது. 'தண்டச்சோறு!' என்று திட்டிக்கொண்டே அதற்குத் தனியாக ஒரு பிடி நொய் போடுகிறார் மாமியார்.

கோழி வளர்ப்போர் கவனத்துக்கு...

* ராத்திரியில் கீரியும் நாயும் நுழையாதபடி உறுதியான கூண்டு அவசியம்.

* வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசிதான் ஒரே காப்பு. குஞ்சுக்கு ஒரு வாரமானதுமே முதல் சொட்டு மருந்து. பிறகு மருத்துவர் சொல்கிறபடி.

* எச்சத்தை அள்ளி மட்கவைத்தபின் செடிக்குப் போடலாம். பச்சையாகக் கீரைப்பாத்தியில் போடாதீர்கள்.

* விரிசல் விழுந்த முட்டையையும் பச்சை முட்டையையும் குடிக்க வேண்டாம். மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகட்டும்.

* சாயக் குஞ்சு வாங்காதீர்கள். நாம் வாங்கும்வரைதான் அந்த வியாபாரம் நடக்கும்.