புரமோஷன் இருக்கட்டும்... காப்பகம் எங்கே?

சென்னை ஓஎம்ஆர் சாலையில் வேலை பார்க்கும் பெண்களிடம் அப்ரைசல் பேச்சை எடுத்தால், சம்பளத்துக்கு முன்னால் இப்போது நேரம்தான் வருகிறது. “ஹைக் கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்லை, ராத்திரியில யு.எஸ். கால் மட்டும் வேண்டாம்னு சொல்லிட்டேன்” என்றார், சிறுசேரியில் டீம் லீடாக இருக்கும் ஒரு பெண். மேனேஜர் பதவி தேடி வந்தபோது, மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளி வைத்தவர் இவர். மகளோடு உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிடுவதும் தன் வெற்றிக் கணக்கில் சேரும் என்கிறார்.

லட்சியம் குறைந்துவிட்டது என்று இதைப் பார்ப்பது தவறு. 2023-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதைத்தான். எந்நேரமும் கூப்பிட்டால் ஓடிவர வேண்டிய வேலைகளுக்குச் சம்பளம் அளவுக்கு மீறி ஏறுகிறது. குழந்தை பிறந்ததும் தம்பதியில் ஒருவர் அந்த வேலையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் வீட்டுக்கு அனுசரணையான வேலைக்கு நகர்கிறார். நகர்கிறவர் பெரும்பாலும் மனைவி. அமெரிக்காவில் மருந்தாளுநர் வேலை, ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடரும்படி மாறிய பிறகு, அங்கே ஆண் பெண் சம்பள இடைவெளி வெகுவாகச் சுருங்கியதையும் அவர் காட்டினார். கோளாறு வேலை வகுக்கப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது, பெண்ணின் திறமையில் இல்லை.

வீட்டுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். வீட்டு வேலையில் ஈடுபடுகிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் அதற்குச் செலவிடுகிறார்கள் என்கிறது 2024-ம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு. அலுவலகத்தில் பேரம் பேசத் துணிந்த பெண், கணவரிடமும் அதே பேரத்தைப் பேசியாக வேண்டும்.

இந்த வெற்றிக் கதைகளில் யாரும் பெயர் சொல்லாத ஒருவர் இருக்கிறார். பாட்டி! என் மனதை அரிப்பது அவர் நிலைமைதான்.

பெரும்பாக்கம் பக்கம் ஏதாவது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பூங்காவுக்குச் சாயங்காலம் போய்ப் பாருங்கள். சறுக்குமரத்தைச் சுற்றி நிற்பவர்களில் பாதிப் பேருக்கு நரைத்த தலை. அப்படி ஒருவர், கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்தவர், பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் பருப்பு சாதக் கிண்ணம், முட்டியில் எலாஸ்டிக் உறை. ஓடும் பேரனின் பின்னால் நொண்டியபடியே போய் ஒவ்வொரு வாயாக ஊட்டிக்கொண்டிருந்தார். “ஆறு மாசம் நான், ஆறு மாசம் சம்பந்தி அம்மா. வீட்டுக்காரர் ஊர்ல மெஸ் சாப்பாடு சாப்பிட்டுக்கிட்டு இருக்கார். முட்டி ஆபரேஷன் பண்ணிக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். இவன் எல்கேஜி போகட்டும்னு தள்ளிப் போட்டிருக்கேன்” என்றார். மகள் மேல் அவருக்குத் துளிக் கோபமும் இல்லை. மகளுக்கும் இது தெரியும், உறுத்தும். வேறு வழி இல்லாததால் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

முப்பது வருடம் வேலையையும் வீட்டையும் சேர்த்துச் சுமந்த ஒரு பெண்ணின் ஓய்வுக் காலத்தை எடுத்துத்தான் அடுத்த தலைமுறைப் பெண் தன் நேரத்தைச் சமன் செய்கிறாள் என்றால், சுமை குறையவில்லை, கை மாறியிருக்கிறது. அந்தப் பாட்டிகூட இல்லாதவர்கள் பாடு இன்னும் மோசம். பின்னலாடை வேலைக்காகத் திருப்பூர் வந்து, பிள்ளையைச் சொந்த ஊரில் விட்டுவிட்டு, ராத்திரி வீடியோ காலில் முகம் பார்க்கிற தாய்மார்களும் இருக்கிறார்கள்.

இத்தனைக்கும் சட்டம் இருக்கிறது. ஐம்பது பெண்களுக்கு மேல் (1976 முதல் முப்பதுக்கு மேல்) வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைக் காப்பக அறை வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியதோடு, 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனங்களுக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. தாய் நாளுக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். 26 வாரம் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, காப்பக விதி பலருக்குத் தெரியவில்லை. நான் பேசியவர்களில் அதைப் பற்றி ஹெச்.ஆரிடம் கேட்டதாக ஒருவர்கூடச் சொல்லவில்லை.

செலவெல்லாம் முதலாளி தலையில் விழுந்தால் பெண்களை வேலைக்கு எடுக்கவே யோசிப்பார்கள் என்று சிறு நிறுவனங்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்கும் 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது. பல நிறுவனங்கள் சேர்ந்து பணம் போட்டுப் பொதுக் காப்பகம் நடத்தலாம். ஒரே ஐ.டி. பூங்காவில் இத்தனை கம்பெனிகள், பொது உணவு வளாகம், பொது வாகன நிறுத்தம் எல்லாம் இருக்கும்போது, தரைத்தளத்தில் தொட்டில் போட நாலு அறை கிடைக்காதா?

காப்பகம் உட்பட என்னென்ன சலுகைகள் உண்டு என்பதை வேலையில் சேரும்போதே ஒவ்வொரு பெண்ணுக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பதும் 2017 திருத்தம் சொன்னதுதான். உங்களுக்கு அந்தக் கடிதம் வந்ததா? வரவில்லை என்றால் நாளைக்கே ஹெச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். தனியாக அனுப்பத் தயக்கமாக இருந்தால் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். குழந்தையுள்ள ஆண்களையும் அந்தப் பத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.