பாசி எண்ணெயில் இருந்து சோப்பு: தொழில்நுட்பம் வென்றது, விலை வெல்லவில்லை

சோப்பு, ஷாம்பு, சலவைத்தூள் போன்றவற்றில் நுரையை உண்டாக்கும் இரசாயனங்கள் பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்தோ அல்லது தென்கிழக்காசியாவின் தென்னை, செம்பனைத் தோட்டங்களிலிருந்தோ பெறப்படுகின்றன. முன்னையது புவி வெப்பமடைதலுடனும், செம்பனை காடழிப்புடனும் தொடர்புபடுத்தப்படுவதால், மாற்று மூலப்பொருளாக நுண்பாசிகள் நீண்டகாலமாகவே பேசப்பட்டு வந்துள்ளன.

திறந்த குளங்களில் பாசி வளர்த்து எரிபொருள் எடுக்கும் ஆய்வை அமெரிக்க அரசு 1978ஆம் ஆண்டு முதல் 1996ஆம் ஆண்டு வரை நடத்தியது. செலவு கட்டுப்படியாகாததால் அது கைவிடப்பட்டது.

கலிஃபோர்னியாவில் 2003இல் தொடங்கப்பட்ட சோலசைம் நிறுவனம் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. சூரிய ஒளியே தேவைப்படாத புரோட்டோதீக்கா என்ற பாசியை, மூடிய கொள்கலன்களில் சர்க்கரையூட்டி வளர்த்தது. சில நாட்களில் அப்பாசியின் எடையில் பாதிக்கும் மேல் எண்ணெயாகிவிடும்.

ஆனால் எல்லா எண்ணெயும் சோப்புக்கு உகந்ததல்ல. நன்கு நுரைப்பதற்கு 12 கரியணுக்கள் கொண்ட லாரிக் அமிலம் தேவை. சாதாரணப் பாசி எண்ணெயில் இருப்பவையோ 16, 18 கரியணுக்கள் கொண்ட நீண்ட சங்கிலிகள். எனவே பாசியின் மரபணுக்கள் மாற்றப்பட்டன. இதுவே அத்தொழில்நுட்பத்தின் உண்மையான சாதனை எனலாம். எனினும், இவ்வகை எண்ணெயைச் சலவைப் பொருட்களில் பயன்படுத்தும் திட்டத்துக்கு 2014இல் சுற்றுச்சூழல் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன.

அதே ஆண்டில் பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலத்தில், பங்கி நிறுவனத்தின் கரும்பு ஆலையை ஒட்டி, ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் கொள்ளளவு கொண்ட தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது.

சிக்கல் கணக்கில் இருந்தது. ஒரு கிலோ எண்ணெய்க்கு, மிகச் சிறந்த நிலையில்கூட, ஏறத்தாழ மூன்று கிலோ சர்க்கரை வேண்டும். சூரிய ஒளியைச் சேமிப்பது பாசியல்ல, கரும்புதான். ஆகவே நிலமும் நீரும் இங்கும் தேவைப்படுகின்றன. இதனிடையே, 2014இன் நடுப்பகுதியில் பீப்பாய் ஒன்றுக்கு 100 டாலருக்கும் மேலிருந்த கச்சா எண்ணெய் விலை 2016இன் தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே இறங்கியது.

2011இல் பங்குச் சந்தையில் ஏறக்குறைய 20 கோடி டாலர் திரட்டிய அந்நிறுவனம், 2016இல் டெராவியா எனப் பெயர் மாற்றிக்கொண்டு உணவுப் பொருட்களின் பக்கம் திரும்பியது. மறு ஆண்டே அது திவால் பாதுகாப்புக் கோரியது. நெதர்லாந்தின் கோர்பியன் நிறுவனம் சுமார் 2 கோடி டாலருக்கு அதன் சொத்துக்களை வாங்கியது.

சோப்புக்காகவும் எரிபொருளுக்காகவும் எழுப்பப்பட்ட அந்த பிரேசில் ஆலையில் கோர்பியன் உற்பத்தி செய்தது, சால்மன் மீன் பண்ணைகளுக்கான ஒமேகா-3 தீவனப் பொருள். அதற்குப் போட்டி மலிவான செம்பனை எண்ணெய் அல்ல, கடலில் பிடிக்கும் அளவை விரும்பியபடி கூட்ட முடியாத மீன் எண்ணெய்.