ஏர் பிளாஸ்ட் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்

கோலார் தங்கவயலின் பழைய ஆட்களிடம் ‘ஏர் பிளாஸ்ட்’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகக் குடைந்த சுரங்கத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறும். மேலே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பாத்திரம் உருளும், சுவர் விரிசல் விடும். அப்பா எந்த ஷிஃப்டில் இறங்கியிருக்கிறார்? சேதி வரும்வரை ஷாஃப்ட் வாசலில் பெண்கள் காத்து நிற்பார்கள், இடுப்பில் பிள்ளையோடு.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அடி ஓயவில்லை. வேலை போன அப்பா, சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயில் மூச்சுத் திணறும் தாத்தா, விடியும் முன்பே மாரிக்குப்பத்தில் பெங்களூரு ரயிலைப் பிடித்து இருட்டிய பிறகு வீடு திரும்பும் அம்மா.

இப்படி வளரும் பிள்ளையின் மூளையில் என்ன நடக்கிறது? ஆபத்தைக் கண்டதும் அலறும் பகுதி அமிக்டலா. பயம் மாதக்கணக்கில் நீடித்தால் அது சின்னச் சத்தத்துக்கும் துள்ளும். கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் சுரப்பு தாறுமாறாகும். பாடத்தை நினைவில் பதிக்கும் ஹிப்போகாம்பஸும், கவனத்தைக் கட்டி நிறுத்தும் மூளையின் முன்பகுதியும் அதில் அடிபடும். வகுப்பில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ‘மக்கு’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். அந்த மூளை உயிர் காக்கும் வேலையில் மும்முரமாக இருக்கிறது. வாய்ப்பாடு எங்கே ஏறும்?

ஒருமுறை பயந்ததால் மட்டும் இப்படி ஆகிவிடாது. அணைத்துத் தேற்ற ஒரு பெரியவர் இருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் மீண்டுவிடுவார்கள்.

தமிழ்ப் பிள்ளைகளிடமே இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். போர் நடந்த வடகிழக்கு இலங்கையில் 420 மாணவர்களை ஆராய்ந்து 2009-ல் வெளிவந்த கட்டுரைப்படி, 92 சதவீதம் பேர் குண்டுவீச்சு, உறவினரின் சாவு போன்ற கொடுமைகளைக் கண்டவர்கள். நான்கில் ஒருவருக்கு மன அதிர்ச்சி நோய். அதன் பாதிப்பு நினைவாற்றல் சோதனையிலும் பள்ளி மதிப்பெண்ணிலும் தெரிந்தது.

சுனாமிக்குப் பிறகு அங்கேயே முகாமில் 31 பிள்ளைகளுக்குச் சிகிச்சை நடந்தது. ஒரு பிரிவினர் நடந்ததை முதலிலிருந்து கோவையாகச் சொன்னார்கள். மற்றவர்கள் தியானமும் மூச்சுப் பயிற்சியும் செய்தார்கள். தலைக்கு ஆறே அமர்வுகள், நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முதல் பிரிவில் 81 சதவீதம், தியானப் பிரிவில் 71 சதவீதம் தேறியிருந்தார்கள்.

தியானமும் பலன் தந்ததே, ஆன்மிகம் இங்கேதான் வருகிறது. தங்கவயல் அதற்குப் புதிய ஊரல்ல. மாரியம்மன் கோயிலும் மாதா கோயிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஊர். சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் கிளை விட்ட ஊர். நூறு பேர் கூடி அழவும் பாடவும் இடம் இருப்பது பிள்ளைக்குப் பெரிய தெம்பு. ஆனால் ‘நீ செய்த பாவம், சாமி தண்டிச்சிடுச்சு’ என்று ஒரு பெரியவர் சொன்னால் போதும், அதே பக்தி பிள்ளையின் நெஞ்சில் குற்ற உணர்வாக இறங்கிவிடும். ஆறுதல் சொல்லும் சாமியை மட்டும் பிள்ளைகளிடம் காட்டுங்கள்.

ஆசிரியர்களே, படிப்பில் திடீரென்று பின்தங்கும் பிள்ளையை அடிக்குமுன் வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர்தான். அதுவரை போக முடியாதவர்கள் மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.