ஜீப் இறங்கிய பிறகு வரும் காய்ச்சல்

போடிநாயக்கனூரில் கோழி கூவுவதற்கு முன்னால் ஜீப் உறுமிவிடும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, போடிமெட்டில் கேரள எல்லைக்குள் நுழைந்தால் பூப்பாறை, சாந்தம்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்கள். காய் எடுப்பும் களை வெட்டும் முடிந்து வண்டி மலையிறங்கச் சாயங்காலம் ஆகிவிடும்.

ஊரில் குழந்தை மருத்துவர்களின் வாசலில் கூட்டம் சேர்வதும் அந்த நேரத்தில்தான். காலையில் சுடத் தொடங்கிய உடம்பு, அம்மா வந்து தொட்டுப் பார்த்த பிறகே காய்ச்சல் என்று பெயர் வாங்குகிறது.

தமிழ்நாட்டுக் குழந்தை மருத்துவம் பெரிய சண்டைகள் பலவற்றில் ஜெயித்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை இந்திய அளவில் 28, இங்கே 13. போலியோ போய்விட்டது. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும் நிமோகாக்கல் தடுப்பூசியும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காசில்லாமல் கிடைக்கின்றன. மிச்சமிருக்கும் சண்டை வேறு தினுசு. நோய்க்கு மருந்து இருக்கிறது. குழந்தை அதனிடம் வந்து சேருகிற வழியில்தான் ஓட்டை.

அம்மாச்சி சொல்ல வேண்டிய கதை

பெரியவர்கள் தங்கள் வலியைத் தாங்களே சொல்லிவிடுவார்கள். கைக்குழந்தைக்கு வாய் அதன் அம்மா. எத்தனை தடவை கக்கியது, கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனது, பாலை இழுத்துக் குடிக்கிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா என்று அவள் சொல்வதிலிருந்துதான் பாதி நோய் பிடிபடும்.

ஆனால் பகல் முழுக்கப் பிள்ளையைப் பார்த்தவள் அம்மாச்சி. தூக்கிக்கொண்டு வருவது அம்மா. "காலைல நல்லாத்தான் சார் இருந்தான்" என்று அவள் சொல்வதில் பொய் இல்லை. அவள் சொல்வது விடியற்காலை ஐந்து மணி. அதற்கும் மாலை ஏழுக்கும் நடுவே என்ன நடந்தது என்று கேட்டால், வீட்டில் இருக்கும் அம்மாச்சிக்குப் போன் போட வேண்டும். வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருக்கும்போது அதற்கு எத்தனை மருத்துவருக்குப் பொறுமை இருக்கும்?

இதற்கு ஒரு எளிய வழி, கிழித்த காலண்டர் தாள். கக்கினால் ஒரு கோடு, வெளிக்குப் போனால் ஒரு வட்டம், ஒன்றுக்குப் போனால் ஒரு புள்ளி. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாச்சியும் இதைச் செய்வாள். கடைசிப் புள்ளி விழுந்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தால், நீர்ச்சத்து வற்றுகிறது என்று மருத்துவருக்கு அந்தத் தாளே சொல்லிவிடும். முடிந்தால் அம்மாச்சியையே கூட்டிப் போவது அதைவிட நல்லது.

கடைக்காரர் கொடுத்தது

மருத்துவரிடம் வருவதற்குள் மருந்துக்கடை ஒன்றைக் குழந்தை தாண்டியிருக்கும். ஒருநாள் கூலியை விட்டு வரிசையில் நிற்க முடியாதவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் அங்கே வாங்குவதில் மூன்று விஷயம் மருத்துவரின் வேலையைக் கெடுக்கிறது.

ஒன்று, பாராசிட்டமால். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120 அல்லது 250 மில்லிகிராம். பத்துக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு வேண்டியது 150 மில்லிகிராம். சொட்டு மருந்தானால் ஒன்றரை மில்லி போதும். போன முறை சிரப் ஆறு மில்லி கொடுத்த ஞாபகத்தில் சொட்டு மருந்தை ஆறு மில்லி ஊற்றினால் நான்கு மடங்கு ஆகிவிடும். அப்படியே இரண்டு நாள் போனால் கல்லீரல் தாங்காது. பாட்டிலை மாற்றினால் அளவும் மாறும் என்பதைப் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

இரண்டு, ஆன்டிபயாடிக். சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் இது கேட்காது. இரண்டு நாள் கொடுத்து நிறுத்தினால் அடுத்து வரும் ரத்தப் பரிசோதனையின் முடிவும் குழம்பிப்போகும்.

மூன்று, இருமல் மருந்து. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சிறுநீரகம் செயலிழந்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது, அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 விழுக்காடு இருந்தது. மருந்தை எழுதிக்கொடுத்த குழந்தை மருத்துவரும் கைதானார். பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று எழுதுகிறவர் எப்படிச் சோதிப்பார் என்று மருத்துவர்கள் கேட்டது நியாயம். ஆனால் அந்த வயதுக்கு இருமல் மருந்தே தேவையா என்ற கேள்வியும் அதே அளவு நியாயம். இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து கூடாது என்பதும், ஐந்து வயதுவரை பொதுவாகத் தவிர்க்க வேண்டும் என்பதும் மத்திய சுகாதாரத் துறையின் அறிவுரை. தாய்ப்பால், வெதுவெதுப்பான தண்ணீர், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு இவை போதும். "ஒண்ணுமே எழுதலையே, இவர் என்ன டாக்டர்" என்று கேட்கிற நம் வாயையும் கொஞ்சம் அடக்க வேண்டும்.

சட்டையைக் கழற்றினால் தெரியும் நோய்

மலையடிவார ஊர்களில் மழைக்காலத்தை ஒட்டி வரும் நீடித்த காய்ச்சல்களில் குழந்தை மருத்துவர் மறக்கக் கூடாதது ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல் என்றும் சொல்கிறார்கள். அந்தப் பெயர் ஆளைத் திசைதிருப்பிவிடுகிறது. மாட்டிலும் நாயிலும் உண்ணியைத் தேடிவிட்டு, "எங்க வீட்டுல மாடே இல்லையே" என்பார்கள். இதைப் பரப்புவது புல்லிலும் புதரிலும் இருக்கும் ஒரு சிற்றுண்ணியின் இளம்புழு. கண்ணுக்கே சரியாகத் தெரியாது. கடிப்பது வலிக்காது. ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சல் அடிக்கும்.

கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு ஒன்று வரும். அரிக்காது, வலிக்காது, ஆகவே யாரும் கவனிப்பதில்லை. அது உட்காரும் இடமும் அப்படி: அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால், இடுப்பில் அரைஞாண் கயிற்றுக்கு அடியில். குழந்தையின் துணியை முழுக்கக் கழற்றித் தலை முதல் கால்வரை திருப்பிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் நோய் அகப்பட்டுவிடும். மாலை நெரிசலில் கிடைக்காததும் அந்த ஒரு நிமிடம்தான். எல்லாக் குழந்தைக்கும் பொருக்கு வருவதில்லை என்பது இன்னொரு சிக்கல்.

தவறவிட்டால் என்ன ஆகும்? கடையில் வழக்கமாகக் கிடைக்கும் அமாக்ஸிசிலின், செஃபிக்ஸிம் இரண்டுக்கும் இந்தக் கிருமி மசியாது. ஐந்து நாள், ஏழு நாள் என்று காய்ச்சல் இழுக்கும். வயிறு உப்பி, முகம் வீங்கி, மூச்சு வாங்கும், மூளையையும் தாக்கலாம். டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ உரிய நேரத்தில் தொடங்கினால் இரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிடும். இவ்வளவு மலிவான மருந்துக்கு இவ்வளவு ஆபத்தான நோய் கட்டுப்படுவது அபூர்வம்.

அம்மாக்கள் செய்யக்கூடியது: காய்ச்சல் வந்த பிள்ளையைத் துடைத்துவிடும்போது இடுக்குகளைப் பார்ப்பது. பொருக்கு இருந்தால் அதைக் காட்டுவது. மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொன்னால் "குளிருமே சார்" என்று தயங்காமல் இருப்பது.

இரண்டு மருந்து

நோய்க்குக் கொடுப்பதும் மருந்து. செடிக்கு அடிப்பதும் மருந்து. "அவங்கப்பா மருந்தடிக்கப் போயிருக்காரு" என்பது இந்தப் பக்கம் அன்றாடப் பேச்சு. இலைப்பேனுக்கும் தண்டுத்துளைப்பானுக்கும் பயந்து அதிகமாகப் பூச்சிக்கொல்லி வாங்கிக்கொள்ளும் பயிர் ஏலம். மிச்ச மருந்து ஜூஸ் பாட்டிலில் வீட்டுக்கு வருகிறது. தவழும் பிள்ளைக்குப் பாட்டில் தெரியும். உள்ளே இருப்பது தெரியாது.

இந்த நஞ்சு வேறு நோய் போல வேஷம் போடும். வாந்தி, பேதி, வியர்வை, வாயில் எச்சில் ஒழுகுதல், கண்பாவை ஊசிமுனை போலச் சுருங்குதல், தசைத் துடிப்பு, கடைசியில் மூச்சுத் திணறல். பேதிக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் பிள்ளை போய்விடும். அட்ரோபின் ஊசியைச் சீக்கிரம் தொடங்கினால் பிழைக்கும். ஆகவே சந்தேகம் இருந்தால் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். பாட்டிலைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது ஆபத்து. மேலே பட்டிருந்தால் துணியைக் களைந்து சோப்புத் தண்ணீரால் கழுவலாம். அப்பா தெளித்துவிட்டு வந்தால் குளித்த பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

தொக்கமும் உரமும்

பிள்ளை சாப்பிடாவிட்டால் தொக்கம் என்று ஊதி எடுக்கப் போவதும், அழுதுகொண்டே இருந்தால் உரம் விழுந்துவிட்டது என்று சேலையில் போட்டு உருட்டுவதும் இன்றும் நடக்கிறது. இதைக் கேட்டதும் கத்துகிற மருத்துவர்களை எனக்குத் தெரியும். திட்டு வாங்கிய அம்மாச்சி வழக்கத்தை விடுவதில்லை. அடுத்த முறை மறைத்துவிடுகிறாள், அவ்வளவுதான். உச்சிக்குழியைத் தடவிப் பார்க்கும் அவளுடைய பழக்கம் நல்ல மருத்துவம். அது உள்ளே விழுந்திருந்தால் நீர் வற்றியிருக்கிறது. காய்ச்சலோடு புடைத்திருந்தால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். அதைப் பாராட்டிவிட்டு, குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதை மட்டும் நிறுத்தச் சொன்னால் கேட்பாள். அந்த எண்ணெய் நுரையீரலில் இறங்கி வரும் நிமோனியா எளிதில் ஆறாது.

டீயும் வர்க்கியும்

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. விடியலில் ஜீப் ஏறும் அம்மாவால் எட்டு மணிக்கு இட்லி ஊட்ட முடியாது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுக்க வந்தது. இந்த ஊருக்கு அளவெடுத்துத் தைத்த திட்டம் அது. பள்ளிக்குப் போகாத இரண்டு வயதுப் பிள்ளைக்கு மட்டும் டீயும் வர்க்கியும்தான் காலைச் சாப்பாடு. டீ, உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. கையில் செல்போன் இருந்தால் அழாமல் இருக்கும் என்று அதையும் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு வயதுவரை திரையே வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்களின் கருத்து. பேச்சு தாமதமாகும் பிள்ளைகளிடம் அவர்கள் முதலில் கேட்பதும் இதைத்தான்.

எல்லை தாண்டும் அட்டை

சில குடும்பங்கள் தோட்டத்து லயத்திலேயே தங்கிவிடுகின்றன. பிள்ளைக்கு ஒரு தடுப்பூசி போடியில், அடுத்தது இடுக்கி மாவட்டத்தில். வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி அட்டையும் இருக்காது, மருத்துவருக்கு அவர்கள் மொழியும் தெரியாது. அட்டையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். ஒரு தவணை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பலர் இது தெரியாமலேயே வெட்கப்பட்டுப் போகாமல் இருக்கிறார்கள்.

ஜீப்புக்குக் காத்திருக்கக் கூடாதவை

போடி அரசு மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது. நிலைமை மோசமானால் தேனியையும் தாண்டிக் கானாவிலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டும். குரங்கணிக்கு மேலே உள்ள மலைக்குடிகளுக்கு இந்தக் கணக்கே வேறு. அவர்கள் முதலில் மலையிறங்க வேண்டும். ஆகவே நேரம்தான் இங்கே பெரிய மருந்து.

பிள்ளை பால் குடிக்க மறுத்தால்; எழுப்பினாலும் துவண்டு தூங்கினால்; குடித்ததையெல்லாம் கக்கினால்; வெட்டு எனப்படும் வலிப்பு வந்தால்; மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால்; இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு உடம்பு சுட்டால், காத்திருக்கக் கூடாது. மூச்சை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயதுவரை 40, இதைத் தொட்டாலே நிமோனியாவைச் சந்தேகிக்க வேண்டும். டெங்குவில் நாலாம் ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலியும் கைகால் சில்லிப்பும் வந்தால், அது குணமாவதற்கான அறிகுறி இல்லை. வெட்டு வந்த பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். கையில் சாவியும் வேண்டாம், வாயில் கரண்டியும் வேண்டாம்.

இவற்றில் எது இருந்தாலும் அம்மாச்சி முதலில் அழைக்க வேண்டியது 108. மகளுக்கு அதன் பிறகு சொல்லலாம். மலையில் டவர் எப்போது கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்.