மாவட்டம் மாறினால் கோப்பும் மாற வேண்டும்

2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது. மதுராந்தகம் அதோடு போயிற்று. பக்கத்து வட்டமான உத்திரமேரூர் காஞ்சிபுரத்திலேயே நின்றது. இந்தப் பகுதியில் முகவரிப் பட்டியலைக் கணினியில் வைத்திருந்தவர்களுக்கு அன்றே வேலை வந்துவிட்டது. நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து திருத்துவதா?

வேண்டாம். லினக்ஸோடு கூடவே வரும் இரண்டு கட்டளைகள் போதும். கிரெப் (grep) தேடும், செட் (sed) மாற்றும்.

இவை பிறந்த கதை இது. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தின் லீ மக்மஹோன், அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து எழுதப்பட்ட 85 ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் எதை யார் எழுதினார் என்று ஆராய்ந்தார். அன்றைய எடிட்டருக்குள் அவ்வளவு எழுத்து அடங்கவில்லை. கென் தாம்சன் எடிட்டரின் தேடும் பகுதியை மட்டும் தனியே எடுத்து, வரி வரியாகப் படிக்கும் நிரலாக்கினார். அதுதான் கிரெப். பிறகு மக்மஹோன் எழுதியது செட்.

இனி நம் முகவரிகளுக்கு வருவோம். எல்லாக் 'காஞ்சிபுரம்' மீதும் செட்டை ஏவினால் உத்திரமேரூரும் செங்கல்பட்டுக்குப் போய்விடும். அதனால், 'மதுராந்தகம்' இருக்கும் வரியில் மட்டும் மாவட்டப் பெயரை மாற்று என்று நிபந்தனை வைக்கலாம். அதுவும் போதாது. 'மதுராந்தகம் சாலை, உத்திரமேரூர்' என்று ஒரு முகவரி இருந்தால் என்ன ஆகும்? ஆகவே முதலில் கிரெப்பை மட்டும் ஓட்டி, அது காட்டும் வரிகளைக் கண்ணால் படியுங்கள். இந்தப் பொறுமைதான் இந்த வேலையில் பாதி.

மாற்றும்போதே பழைய கோப்பை வேறு பெயரில் வைத்துக்கொள்ளச் செட்டிடம் சொல்லலாம், கட்டாயம் சொல்லுங்கள். இதற்கு உத்திரமேரூரிலேயே பழைய உதாரணம் உண்டு. அவ்வூர்ச் சபையின் 919-ஆம் ஆண்டுக் குடவோலைத் தேர்தல் விதிகள் 921-இல் திருத்தப்பட்டன. பழையதை யாரும் அழிக்கவில்லை. இரண்டு கல்வெட்டும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருப்பதால்தான் எது மாறியது என்று இன்றும் ஒப்பிட முடிகிறது.

தமிழுக்கென்று சில சிக்கல்கள் உண்டு. 'காஞ்சிபுரம்' என்று தேடினால் 'காஞ்சிபுரத்தில்' சிக்காது. 'காஞ்சிபுர' என்று தேடினால் இரண்டும் வரும். 'காஞ்சீபுரம்' என்று நெடிலில் எழுதியவர்களையும் மறக்கக் கூடாது. 'பொன்விளைந்தகளத்தூர்' என்ற ஊர்ப்பெயர் இன்னும் கடினம்: யூனிகோடில் 'பொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கிரெப்புக்கு வேறு. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பில் யூனிகோடு தமிழே இருக்காது. அதை முதலில் மாற்றியாக வேண்டும். இன்றைய வேர்டு கோப்பு உள்ளே சுருக்கப்பட்டிருப்பதால் அதிலும் நேரடியாகத் தேட முடியாது. வெறும் உரையாகச் சேமித்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் பழைய மாவட்டப் பெயரை இன்னொரு முறை கிரெப்பில் தேடுங்கள். வரும் வரிகளில் காஞ்சிபுரத்திலேயே இருக்கும் ஊர்கள் மட்டும் இருந்தால் வேலை சரி.